முனை மாறிய பேனை: எழுதுகருவி வரலாற்றில் ஒரு சிறு விசாரணை

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு ஈழத்து வரலாற்று மாணவர் நன்கறிந்ததொன்று. பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணையாகிய அதனைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் பதிப்பித்து வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து சேரவேண்டும். அவர்க்கு இன்னல் நேராமற் காக்கவேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடையுமாயின் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்துக்கு, எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிகச் சரக்கேற்றிய கலம் உடையுமாயின் இருவர்க்கும் சரிபாதி. இதுவே அதன் சாரம். கல்வெட்டுப் பேசுவது ஊராத்துறையைப் பற்றி. கல் இருப்பதோ நயினாதீவில். உடைந்த ஒன்றன் பகுதிகள் எவர்க்கு உரியன, எங்கே போய்ச் சேரும் என்னும் வினாவுக்கு இத்தீவகத்தில் எண்ணூறு ஆண்டுகளின் முன்னரே அரசாணை வேண்டியிருந்தது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள் கலத்தினும் மிகச் சிறியது. ஊற்றுப் பேனையின் முனையை, அதாவது பொதுவழக்கில் நிப்பு எனப்படும் உறுப்பை, ஒரு பேனையிலிருந்து கழற்றி மற்றொரு பேனையிற் பொருத்தும் வழக்கமே அது. பழைய பேனைகளைச் சேகரிப்போர் இதனை ஒரு குற்றம் போலப் பேசுவதுண்டு. மூடியில் ஒரு நிறுவனத்தின் பெயரும் முனையில் வேறொரு நிறுவனத்தின் பெயரும் காணப்படும் பேனையை அவர்கள் கலப்புப் பேனை என ஒதுக்குவர். பேனையை எழுதுவதற்கென வைத்திருந்தோர் அவ்வாறு கருதவில்லை. இவ்விரு நோக்குகளுள் வரலாற்று மாணவன் எதனைக் கைக்கொள்வது? விடை காண எழுதுகருவியின் கதையைச் சிறிது பின்னோக்கிச் செல்லவேண்டியுள்ளது.

பனை வளம் மிக்க தீவகத்தில் எழுத்து நெடுங்காலம் ஓலையிலேயே வாழ்ந்தது. எழுத்தாணியில் முனை வேறு, உடல் வேறு என்ற பிரிவில்லை. முனை மழுங்கினால் தீட்டுவர், மாற்றுவதில்லை. குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என வகைகள் பல இருந்தன. அவற்றுள் மடக்கெழுத்தாணி சற்றே வேறுபட்டது: ஒரே பிடியின் ஒருபுறம் எழுத்தாணியும் மறுபுறம் ஓலை வாரும் கத்தியும் மடங்கிக் கிடக்கும். ஒரு பிடிக்கு இரு முனை என்ற எண்ணம் அங்கேயே தோன்றிவிட்டது எனலாம். எழுத்தாணியின் தடம் எங்கும் ஒரே தடிப்பினது. கரியும் மஞ்சளும் இலைச்சாறும் பூசிய பின்னரே கண்ணுக்குத் தெரியும். ஓலை கிழியும் என அஞ்சிப் புள்ளியைத் தவிர்த்த வழக்கமும், அதனால் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் மயங்கியமையும், வீரமாமுனிவர் (1680–1747) அவற்றை வேறுபடுத்த வரிவடிவத்தைத் திருத்தியமையும் இலக்கிய மாணவர் அறிந்தவை. கருவியின் முனை எழுத்தின் வடிவத்தையே ஆளும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை.

ஐரோப்பியரோடு மையும் கடதாசியும் இறகும் வந்தன. பேனை என்ற சொல்லே போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் அதன் மூலச்சொல் இறகைக் குறிக்கும். தனித்தமிழ் அன்பர் பேனைக்கு வழங்கும் ‘தூவல்’ என்பதும் இறகே. எந்தச் சொல்லை எடுத்தாலும் பறவை பின்தொடரவே செய்கின்றது. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் தம் தோம்புகளை இறகுப் பேனையாலேயே எழுதினர். நயினாதீவுக்கு அவர்கள் இட்ட பெயர் ஹார்லெம். நெதர்லாந்தின் ஹார்லெம் நகரத்தாரோ அச்சுக்கலையை முதலிற் கண்டவர் குட்டன்பேர்க் அல்லர், தம்மூர்க் கொஸ்டரே என நெடுங்காலம் வாதாடியவர்கள். எழுத்தைப் பற்றிய வீறு மிக்க ஊரின் பெயர் இத்தீவுக்கு வாய்த்தது தற்செயலே. ஆயினும் இனிய தற்செயல். இறகுப் பேனையிலும் முனை உடலிலிருந்து பிரிவதில்லை. தேய்ந்தால் சிறு கத்தியாற் சீவிப் புதுமுனை வகுப்பர். பேனாக்கத்தி என்று இன்றும் வழங்கும் பெயர் அந்த வேலையின் எச்சமே.

முனையும் உடலும் உண்மையிற் பிரிந்தது எஃகு முனையின் வருகையோடுதான். இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் 1820களிலிருந்து ஜோன் மிற்செல், ஜோசப் கில்லற், ஜோசையா மேசன் முதலியோர் எஃகுத் தகட்டை அச்சிட்டு வெட்டி, துளையிட்டு, வளைத்து, நடுவே பிளந்து முனைகளைப் பெருந்தொகையாக உற்பத்தி செய்தனர். கையாலியக்கும் அழுத்தப் பொறிகளின் முன் அமர்ந்து இவ்வேலையைச் செய்தோர் பெரும்பாலும் பெண்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகம் எழுதிய முனைகளிற் பெரும்பகுதி அந்நகரிலிருந்து சென்றது. ஒரு மரப்பிடி, அதிற் செருகும் முனை, அருகே ஒரு மைக்கூடு: தொட்டெழுதும் பேனை என்பது இவ்வளவே. தமிழ்நாட்டார் இதனைக் கட்டைப் பேனா என்றனர். பிடி ஆண்டுக்கணக்கில் இருக்கும். முனை சில கிழமைகளில் முடிந்துவிடும்.

அது விரைவில் முடிந்தமைக்குக் காரணம் மையே. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மை தமிழர்க்கும் புதிதன்று. ஐரோப்பாவில் மாசிக்காய் போன்றவற்றையும் இரும்புப்பையும் சேர்த்துச் செய்த மையும் அவ்வினத்ததே. அது கடதாசியில் ஊறிக் கறுத்து நிலைக்கும். நீர்பட்டாலும் எளிதில் அழியாது. ஆதலால் பதிவேடுகளுக்கும் உறுதிகளுக்கும் அதுவே விரும்பப்பட்டது. அதே மை அமிலத்தன்மை உடையதாதலின் எஃகை அரித்தது. கடற்காற்றில் உப்பு மிகுந்த தீவுகளில் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் சொல்லவேண்டியதன்று. எழுத்தை நிலைக்கச் செய்த பொருளே எழுதிய முனையை அழித்தது. முனையை மாற்றுதல் இவ்வாறு எழுத்துத் தொழிலின் அன்றாடச் செயலாயிற்று. அக்காலத்தில் அதனைக் கலப்பு என எவரும் கருதவில்லை. விளக்குக்குத் திரி மாற்றுவது போன்றதே அது.

ஊற்றுப் பேனை இந்நிலையை மாற்றியது. அமெரிக்கரான லூயிஸ் வோட்டர்மன் 1884 இற் பெற்ற காப்புரிமை இத்துறையில் ஒரு திருப்பம். அவர் ஒரு காப்புறுதி ஒப்பந்தத்தின்மேல் மை கொட்டி வாடிக்கையாளரை இழந்தமையாலேயே புதிய பேனையைக் கண்டுபிடித்தார் என்ற கதை பரவலாகச் சொல்லப்படும். அது நிறுவனம் பின்னாளிற் பரப்பிய கதையேயன்றித் தக்க ஆதாரமுடையதன்று. அவர் செய்தது எளிமையான, ஆனால் நுண்மையான செயல். மை வெளியே வரவேண்டுமானால் அதற்கீடாகக் காற்று உள்ளே புகவேண்டும். முனையின் அடியில் ஒட்டிக்கிடக்கும் நாக்கட்டையில் மெல்லிய வாய்க்கால்களை வெட்டி, மை கீழிறங்கவும் காற்று மேலேறவும் அவர் வழிசெய்தார். முனையும் நாக்கட்டையும் ஒன்றையொன்று தழுவி, பேனையின் கழுத்துக்குள் இறுக்கமாகச் செருகப்பட்டன. திருகாணியோ பசையோ இல்லை. இறுக்கம் ஒன்றே பிணைப்பு.

பழைய பேனைகளில் முனை மாற்றம் இயன்றது அந்த இறுக்கத்தினாலேயே. முனையையும் நாக்கட்டையையும் ஒருசேரத் துணியாற் பற்றித் திருகாமல் நேரே இழுத்தால் அவை வெளிவரும். உலர்ந்த மை இறுகியிருந்தால் பேனையின் கழுத்தைத் தண்ணீரில் ஊறவிடவேண்டும். வேறொரு முனையைப் பொருத்தும்போதுதான் வேலை தொடங்குகின்றது. நாக்கட்டையின் வளைவும் முனையின் வளைவும் ஒவ்வாவிடின் இடையில் வெளி விழும், மை வராது. முனை தளர்ந்திருந்தால் மை சொட்டும். நாக்கட்டை எபனைற்றாலானதாயின் அதனை வெந்நீரிற் காட்டி இளகச் செய்து, விரலால் முனையோடு அழுத்திப் பொருத்துவர். ஆறியதும் அவ்வடிவத்திலேயே நிற்கும். பிளாஸ்ரிக் நாக்கட்டை இவ்வித்தைக்கு இணங்குவதில்லை. வெந்நீரில் அதிகநேரம் வைத்தால் கரிய எபனைற்று உடல் மங்கிப் பழுப்பு நிறம் பெறும். செலுலோயிட்டாலான உடலோ எளிதில் தீப்பற்றுவது. அதனை நெருப்பின் அருகே கொண்டுசெல்லலாகாது. இவற்றையெல்லாம் நூலிற் படித்தவரைவிட, சில பேனைகளைப் பாழாக்கிய பின் கற்றவரே மிகுதி.

நிறுவனங்கள் முனைகளுக்கு இலக்கமிட்டன. ஆனால் ஒரு நிறுவனத்தின் இரண்டாம் இலக்கமும் மற்றொன்றன் இரண்டாம் இலக்கமும் ஒரே அளவின அல்ல. ஆதலின் மாற்றம் இலக்கத்தைப் பார்த்தன்று, கண்ணையும் கையையும் நம்பியே நடந்தது. பொன்முனை எளிதில் துருப்பிடிப்பதில்லை; 14 கரட் பொன்னின் நுனியில் ஒஸ்மியம், இரிடியம் போன்ற கடின உலோகங்களின் கலவை ஒரு சிறு மணியாக வைக்கப்பட்டது. அம்மணி எழுதுபவர் பேனையைப் பிடிக்கும் சாய்வுக்கேற்ப மெல்ல மெல்லத் தேயும். பல ஆண்டு ஒருவர் கையிற் பழகிய முனை மற்றவர் கையிற் கீறும். பேனையை இரவல் கொடுக்கலாகாது எனப் பெரியோர் கண்டித்தமை கருமித்தனமன்று, அது பௌதிகம்.

முனையும் உடலும் ஒன்றுக்கொன்று உரியவை என்று விற்போர் சொல்லத் தொடங்கியதன் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு வோட்டர்மன் நிறுவனம் 1927 இல் வெளியிட்ட ஏழாம் இலக்கப் பேனை. அதன் மூடியைச் சுற்றிய நிறப்பட்டி உள்ளிருக்கும் முனையின் இயல்பைச் சொல்லும். சிவப்பு எனிற் பொதுவகை. பச்சை எனில் வளையாத விறைப்பு முனை. இளஞ்சிவப்பு எனில் மெல்லிய, நெகிழும் முனை. நிறத்தின் பெயர் முனையிலும் பொறிக்கப்பட்டது. வாங்குபவர் மூடியைப் பார்த்தே தம் கைக்கேற்ற முனையைத் தெரியலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எவரேனும் ஒருமுறை முனையை மாற்றிவிட்டால் மூடி பொய் சொல்லத் தொடங்குகின்றது. அப்பொய்யைத் திருத்த முனையிலுள்ள சொல் ஒன்றே சான்று.

அதன்பின் தொழிலகங்கள் இரு வேறு வழிகளிற் சென்றன. அமெரிக்காவின் கம்டன் நகரிலிருந்த எஸ்டர்புரூக் நிறுவனம் முன்னர்த் தொட்டெழுதும் பேனைக்கு எஃகு முனைகள் செய்தது. 1930களிலிருந்து அது விற்ற ஊற்றுப் பேனையில் முனையும் நாக்கட்டையும் ஒரே துண்டாகத் திருகிக் கழற்றத்தக்கவை. கணக்கெழுதுவோர்க்கு ஒன்று, சுருக்கெழுத்தாளர்க்கு ஒன்று, கரித்தாள் வைத்துப் படியெடுப்போர்க்கு மிக விறைப்பான ஒன்று எனப் பல முனைகளை இலக்கமிட்டு விற்றது. பேனையை ஒருமுறை வாங்கினாற் போதும், முனையை வேண்டியபோதெல்லாம் வாங்கலாம் என்பதே அதன் வாணிகம். பழைய மரப்பிடியின் நியாயம் மீண்டும் வந்தது எனலாம். யேர்மனியின் பெலிக்கன் நிறுவனம் 1929 இல் வெளியிட்ட பேனையிலும் முனை திருகிக் கழற்றத்தக்கதே. மறுவழி பார்க்கர், ஷேஃபர் ஆகியவற்றது. 1941 இல் விற்பனைக்கு வந்த பார்க்கர் 51 இல் முனை குழாய் வடிவினதாய் ஓர் உறைக்குள் ஒளிந்துகொண்டது. 1942 இல் ஷேஃபர் கூம்பு வடிவ முனையையும், 1959 இல் கழுத்தின் உடலிலேயே பதித்த முனையையும் கொணர்ந்தது. இவற்றில் முனை உலரவில்லை. கைக்கு அழகாகவும் இருந்தன. ஆனால் வேறொரு பேனையின் முனை அங்கே நுழைய இடமில்லை. முனை போனால், அதே நிறுவனத்தின் அதே வகை உறுப்பைத் தேடவேண்டும்; அது கிடைக்காத ஊரிற் பேனையே போனதாகும்.

தொலைவில் வாழ்வோர்க்கு எவ்வழி நன்மை தந்தது என்பது சொல்லாமலே விளங்கும். யாழ்ப்பாணத்து இளைஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலாயாவுக்கு எழுதுவினைஞராகச் சென்றனர். தீவகத்தார் பலர் தென்னிலங்கையெங்கும் கடை வைத்தனர். இரு சாராரும் பேனையால் வாழ்ந்தவர்கள். ஒருவர் கோவையில் எழுதினர், மற்றவர் கணக்குப் புத்தகத்தில் எழுதினர். சட்டைப் பையிற் செருகிய ஊற்றுப் பேனை அவர்தம் தொழிலின் அடையாளமாயிற்று. அப்பேனை ஊருக்கு வந்து, தகப்பனிடமிருந்து மகனுக்குச் சென்றபோது, அதனைப் பழுதுபார்க்கும் உரிய நிலையம் கடலுக்கப்பால் இருந்தது. குறிகட்டுவானுக்குப் படகேறி, பின் யாழ்ப்பாணம் சென்று, அங்கும் கிடைக்காத உறுப்புக்காகக் கொழும்புக்கு எழுதிக் காத்திருப்பதினும், கிடைத்த முனையைப் பொருத்திக்கொள்வதே அறிவுடைமை.

தமிழெழுத்தின் இயல்பும் இம்மாற்றத்துக்கு ஒரு காரணமாகும். ண, ஞ, ஐ போன்ற எழுத்துக்களிற் சுழிகள் நெருங்கி நிற்பன. தடித்த முனையால் எழுதினால் சுழியின் கண் மையால் அடைபட்டுவிடும். உரோம எழுத்தின் சாய்ந்த அழகுக்கென நெகிழ்வாகச் செய்யப்பட்ட முனை, தமிழெழுத்தில் மேல்நோக்கித் தள்ளும் கோடுகளிற் கடதாசியைக் குத்தும். ஆதலின் மெல்லிய, விறைப்பான முனையே தமிழ்க் கைக்கு ஏற்றது. இறக்குமதிப் பேனையின் உடலை வைத்துக்கொண்டு அதன் தடித்த முனையை மாற்றுதல் சிக்கனம் மட்டுமன்று; பிறமொழிக்கெனச் செய்த கருவியைத் தம்மொழிக்கு இசைவித்தலும் ஆகும். 

தமிழகத்தில் இத்தேவையைச் சிறு பட்டறைகள் நிறைவேற்றின. சாத்தூர் காரச்சேவுக்கும் வெள்ளரிக்கும் பெயர்பெற்ற ஊர். பேனா நிப்புச் செய்யும் குடிசைத்தொழிலுக்கும் அவ்வாறே பெயர்பெற்றிருந்தது. குமிழ்முனைப் பேனையின் பெருக்கத்தால் அத்தொழில் நலிந்தது. சென்னைப் பாரிமுனையில் 1920களிலிருந்து பேனை விற்றுவரும் ஜெம் அண்ட் கோ போன்ற கடைகள் விற்பனையோடு பழுதுபார்த்தலையும் மேற்கொண்டன. ஆந்திரத்து இராசமுந்திரியில் கே. வி. இரத்தினம் செய்த பேனையைப் பெற்றுக் காந்தியடிகள் 1935 இல் அவர்க்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார். சுதேசி இயக்கம் பேனைக்கும் பொருந்தியபோது கடினமான கேள்வி முனையைப் பற்றியதாகவே இருந்தது. எபனைற்றுக் கோலைக் கடைந்து உடல் செய்தல் எங்கும் இயலும். முனையும் அதன் நுனிமணியும் எளிதிற் கைகூடுவன அல்ல. கையாற் கடைந்த இந்தியப் பேனைகளில் முனை இறுக்கத்தால் மட்டும் நிற்பதனால், அவை முனைமாற்றத்துக்கு இயல்பாகவே இடங்கொடுத்தன. 

இலங்கையில் 1960களிலும், சிறப்பாக 1970–77 காலத்திலும் நடைமுறையிலிருந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகள் மேனாட்டுப் பொருள்களை அரியனவாக்கின. பழையதைப் பேணுதல் அன்று விருப்பமன்று, தேவை. 1952 இன் இறப்பர்–அரிசி உடன்படிக்கையோடு வலுப்பெற்ற சீன வாணிகம் வளர்ந்த காலத்தில் ஷாங்காயின் ஹீரோ பேனை மாணவர் கைக்கு எட்டிற்று. பார்க்கர் 51 இன் சாயலில் முனையை ஒளித்த அப்பேனையை மாணவர்கள் கழற்றிப் பார்க்காமல் விட்டதில்லை. உறையைத் திருகினால் உள்ளே சிறு எஃகு முனையொன்று நாக்கட்டையைக் கவ்விக்கொண்டிருக்கும். இரு பழுதுபட்ட ஹீரோக்களிலிருந்து எழுதக்கூடிய ஒன்றை ஆக்குதல் பரீட்சைக் காலத்து வித்தைகளுள் ஒன்று. பின்னர் வந்த குமிழ்முனைப் பேனையில் முனையும் மையும் ஒரே குழாயாகி, எழுதித் தீர்ந்ததும் சேர்த்தே எறியப்பட்டன. முனைமாற்றம் அங்கே முழுமை பெற்றது என்றும் சொல்லலாம்; மாற்றுபவர் அறியாமலே அது நிகழ்கின்றது என்பதே வேறுபாடு.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருதல் வேண்டும். பழைய கிரேக்கர் தீசியுசின் கப்பலைப் பற்றி வாதிட்டதைப் புளூட்டார்க் கூறுகின்றார்: உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய பின்னரும் அது அதே கப்பல்தானா? தீவகத்தில் வள்ளம் வைத்திருப்போர்க்கு இவ்வாதம் சிரிப்பையே தரும். பலகை மாற்றாத வள்ளம் கரையிற் கிடந்து உக்கும். பேனையும் அத்தகையதே எனச் சொல்லிவிட்டு நிறுத்தலாமாயின் விடை எளிது. ஆனால் பேனைக்கும் வள்ளத்துக்கும் ஒரு வேற்றுமை உண்டு. வள்ளம் நீரில் தடம் விடுவதில்லை, பேனை விடுகின்றது.

அத்தடம் வழக்குமன்றம் வரை செல்லக்கூடியது. 1990–91 காலப்பகுதியில் தீவகத்து மக்களிற் பெருந்தொகையினர் இடம்பெயர்ந்தனர். திரும்பி வந்தோர்க்கும், வராது பிறநாட்டில் தங்கியோர்க்கும், காணியின் உரிமையைக் காட்ட எஞ்சியவை பழைய உறுதிகளே. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஓலைச்சுவடிகளோடு எரிந்த பின் தனியார் வீட்டுப் பெட்டிகளிற் கிடக்கும் கைப்பட எழுதிய தாள்களின் பெறுமதி மேலும் உயர்ந்தது. அத்தகைய உறுதியொன்றன் கையொப்பத்தை ஐயுறுவோர் முதலிற் காட்டுவது கோட்டின் தோற்றத்தை. ஒரே நொத்தாரிசின் கையொப்பம் ஓராண்டு மெலிந்து, மூன்றாண்டின் பின் தடித்து நிழலிட்டிருந்தால், கை வேறோ என்ற ஐயம் எழும். கை வேறாக வேண்டியதில்லை, முனை வேறாகியிருக்கலாம். நெகிழும் முனையை அழுத்தினால் அதன் இரு கவைகளும் விரிந்து, நடுவே மை நிரம்பாமல் இருகோடாய்த் தடம் விழும். விறைப்பு முனையில் அது நேராது. எழுத்தின் அமைப்பு, கோடு தொடங்கும் திசை, கை உயரும் இடம் ஆகியன எழுதுபவர்க்கு உரியன. தடிப்பும் நிழலும் முனைக்கு உரியன. இவ்விரண்டையும் பிரித்தறியாதவர் நேர்மையான உறுதியைப் பொய்யென்பர், அல்லது பொய்யை நேர்மையென்பர்.

மறுபுறம், முனையின் தடத்தை அளவுக்குமேல் நம்புதலும் தீங்கு விளைக்கும். ஆன் பிராங்கின் நாட்குறிப்பைப் பற்றி 1980 இல் மேற்கு யேர்மனிய அரசின் ஆய்வுக்கூடம் அளித்த அறிக்கையிற் குமிழ்முனைப் பேனையின் தடம் குறிப்பிடப்பட்டது. குமிழ்முனைப் பேனை பரவலான விற்பனைக்கு வரத்தொடங்கியது 1945 இன் இறுதியில். அச்சிறுமியோ அவ்வாண்டின் தொடக்கத்திலேயே இறந்துவிட்டாள். யூத இனப்படுகொலையை மறுப்போர் இதனைப் பற்றிக்கொண்டு நாட்குறிப்பே பொய்யெனக் கூவினர். உண்மையில் அத்தடம் இருந்தது நாட்குறிப்பின் தாள்களில் அன்று. பின்னாளில் எழுத்தாய்வாளர் ஒருவர் இடையே வைத்த இரு துண்டுத்தாள்களில். நெதர்லாந்து ஆய்வாளர் 1986 இல் வெளியிட்ட விரிவான பரிசோதனை நாட்குறிப்பின் உண்மையை உறுதிப்படுத்தியது. எத்தாளில் எம்முனை பட்டது என்னும் சிறு குறிப்பு ஒருவர் கையில் இல்லாமற்போனதால் விளைந்த தீமை அது.

ஆகவே முனைமாற்றத்தைக் குற்றமென்று தள்ளுவதும், பொருட்படுத்தாது விடுவதும் வரலாற்று நோக்கிற்கு ஒவ்வா. அது பேனையின் வாழ்க்கைக் குறிப்பின் ஒரு பகுதி. சேகரிப்போர் மாற்றிய முனையைக் கழற்றி எறிந்துவிட்டுத் ‘தூய’ முனையைத் தேடிப் பொருத்துகையில், எழுதியவர் கையிற் பழகித் தேய்ந்த ஒரே சான்றை அழித்துவிடுகின்றனர். பொன்விலை ஏறிய காலங்களிற் பொன்முனைகளைப் பிடுங்கி உருக்கியோர் செய்ததும் இதுவே. ஆயினும் அவர்க்கு வயிறு ஒரு காரணம். பழைய பேனையொன்று கைக்கு வந்தால், முனையிற் பொறித்த சொற்கள், அதன் நீளம், நுனி தேய்ந்த சாய்வு, நாக்கட்டையின் பொருள், மூடியின் பெயர் ஆகியவற்றைக் குறித்து, அம்முனையால் எழுதிய நாலு வரியையும் அக்குறிப்போடு வைத்தல் வேண்டும். முனையை மாற்றித்தான் ஆகவேண்டுமெனில் கழற்றியதை அதே பெட்டியில் நாளிட்டு வைத்தல் வேண்டும். நூலகங்களும் தொல்பொருட் காட்சியகங்களும் அறிஞர் பயன்படுத்திய பேனைகளை ஏற்கும்போது இச்சிறு பதிவைக் கேட்டுப் பெறுதல் கடினமன்று.

விசயதசமியன்று ஏடு தொடக்கும் வீடுகளில் நூல்களின்மேல் பேனைகளையும் வைத்துச் சந்தனப் பொட்டிடுவர். அவற்றுட் பழையதொன்று இருக்குமாயின், அதன் மூடியை ஒருமுறை திறந்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கலாம். மூடியிற் சில வேளை ஒரு நாட்டின் பெயரும் முனையில் மற்றொரு நாட்டின் பெயரும் காணப்படும். அதனை வாங்கியவர் ஒருவர், முனை மாற்றியவர் ஒருவர், எழுதித் தேய்த்தவர் இன்னொருவர். அம்மூவரையும் அறிந்த முதியோர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய செய்தி அது.